ஒரு சிட்டிகைத் தீனி

சாயங்காலம் வேலை விட்டு வந்து கதவைத் திறந்ததும் தமிழ்செல்வி முதலில் பார்த்தது தண்ணீரின் மேல் மிதந்த தீனியைத்தான். செங்கல் நிறத்தில், கடுகைவிடச் சின்னதாக, மீன் தொட்டியின் ஒரு மூலையில் கொஞ்சம் குருணைகள். காலையில் அவள் போட்டது அப்போதே தீர்ந்துவிட்டது. மீன்கள் விழுங்கி முடிக்கும்வரை நின்று ரசித்துவிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். இது இப்போது போட்டது. விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தாள். மொறுமொறுவென்று உடைந்தது. இன்னும் ஊறக்கூட இல்லை.

கட்டிலில் புருஷன் அஸ்வின் தலையோடு போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நடுவில் எழுந்து போட்டுவிட்டுப் படுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு அவள் டீக்குப் பால் வைத்தாள்.

மானாமதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஜோடி அது. அவனுக்கு ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட், அவளுக்கு இன்னொரு கம்பெனியில் பகல். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையவில்லை, ஆனால் ஒரே கட்டிலில் ஆள் மாற்றி ஆள் தூங்கும் குடித்தனம். அவன் வந்து சேரும்போது அவள் கிளம்பியிருப்பாள். அவள் திரும்பும்போது அவன் தூக்கத்தில் இருப்பான். அவன் எழுந்து, குளித்து, பை எடுத்துக் கிளம்பும்வரை கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் அவர்களுடைய வாழ்க்கை. அந்த நேரத்துக்காகவே அவள் நாள் முழுக்கக் காத்திருந்தாள். அவனைப் பார்க்காமல் ஒரு நாள் போனால் அவளுக்கு அழுகையே வந்துவிடும்.

உத்தனப்பள்ளி ரோட்டில், ரோஜாத் தோட்டத்துப் பிளாஸ்டிக் கொட்டகைகளை ஒட்டிய லைன் வீடு. ஒரே அறை, பின்னால் சமையல்கட்டு. பகலில் அவன் தூங்க வேண்டுமென்று ஜன்னலுக்குக் கம்பளியை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அதனால் வெளியே நல்ல வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் இருட்டுதான். கம்பளி வாடை, ரோஜாவுக்கு அடிக்கும் மருந்து வாடை, காற்று மோட்டாரின் உறுமல், தொட்டிக்குள் ஓயாத குபுகுபுப்பு. தொட்டியின் நீலவெளிச்சம் மட்டும் சுவரெல்லாம் அசைந்துகொண்டிருக்கும்.

தொட்டி அவர்களுடையது அல்ல. குடிவந்தபோது பரணில் கிடந்தது. வீட்டுக்கார அம்மா சரோஜம்மாள், வேண்டுமானால் வைத்துக்கொள்ளச் சொன்னார். தமிழ்செல்விக்கு மீனென்றால் குழம்பு மட்டும்தான் தெரியும். ஆனாலும் ஆசை வந்துவிட்டது. செல்போனில் வீடியோ பார்த்து, டிரம்மில் தண்ணீரை ஆறவிட்டு, ஆற்றுமணலை அலசிப் பரப்பி, ஓசூர் போய்க் கப்பி, மோலி என்று சின்னச் சின்ன வண்ண மீன்களாக வாங்கி வந்து விட்டாள். தூங்குகிற மனுஷனுக்குத் துணையாக இருக்கட்டுமென்று தொட்டியைக் கட்டிலோரத்திலேயே வைத்தாள்.

முதல் வாரத்திலேயே தண்ணீர் பால் கலந்ததுபோல் கலங்கியது. இரண்டு கப்பிகள் வயிறு வீங்கி மல்லாந்தன. மீன் கடை பிரேம்குமாரிடம் போய் நின்றாள்.

"வீட்ல எத்தினி பேரு தீனி போடறீங்க?" என்றார் அவர்.

"நானும் போடுவேன். அவுகளும் போடுவாக போல."

"அதான் மேடம். ஷிப்டுக்குப் போற வீட்டுல எல்லாம் இதே கதைதான். இவரு போட்டது அவருக்குத் தெரியாது. பசியில செத்த மீனை நான் பாத்ததே இல்ல. தின்னுதான் சாவுது அத்தினியும். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. ஒரே ஆள் போடுங்க."

அன்றைக்கே ஏற்பாடு செய்தாள். இனி தீனி போடுவது அவள் மட்டும்தான். போட்டதும் துணிக்கு மாட்டும் கிளிப் ஒன்றைத் தொட்டியின் இடது விளிம்பில் மாட்டுவாள். தப்பித்தவறி அவன் போட நேர்ந்தால் வலது பக்கம் மாற்ற வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் கிளிப் வலது பக்கம் இருந்தது.

"என்ன மாமா, ஒங்களத்தான் போடாதீகன்னு சொன்னேன்ல?"

அஸ்வின் கண்ணைக் கசக்கினான். "நான் எந்திரிக்கவே இல்லயே செல்வி. ஒண்ணுக்குக்கூட எந்திரிக்கல."

அவன் பொய் சொல்ல மாட்டான். சொன்னாலும் உடனே சிரித்துவிடுவான். இப்போது சிரிக்கவில்லை. அவள் கிளிப்பைக் கழற்றினாள். அது ஈரமாக இருந்தது.

அடுத்த நாளும் வலது பக்கம். அதற்கடுத்த நாளும்.

அந்த வாரம் அவள் கம்பெனியில் சரக்கு வரவில்லையென்று ஒரு நாள் லீவு விட்டார்கள். அவன் தூங்கட்டுமென்று சத்தம் போடாமல் சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல பகல். எங்கோ லாரி ஒன்று கியர் மாற்றி ஏறுகிற சத்தம். மீன்கள் அவளைப் பார்த்துவிட்டு அவள் பக்கத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நெளிந்தன. தீனி போடுகிற ஆளை மீன்கள் கண்டுகொள்ளும், எங்கே நின்றாலும் அந்தப் பக்கம் வந்து கூடும் என்று பிரேம்குமார் சொல்லியிருந்தார். இதற்குள் பழகிவிட்டதுகளே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திடீரென்று மீன்கள் அவளை விட்டுப் போயின.

எல்லாம் ஒன்றாகத் திரும்பி எதிர்ப்பக்கம் போய்விட்டன. ஜன்னல் பக்கக் கண்ணாடி. அங்கே ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு, வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி, அவள் டப்பாவுடன் நிற்கும்போது துள்ளுவதைப் போலவே துள்ளின. அங்கே யாரும் இல்லை. சுவர், கம்பளி, ஆணியில் தொங்கும் அவனுடைய யூனிபார்ம்.

பிறகு மெதுவாக நகர ஆரம்பித்தன. கண்ணாடியை விட்டு விலகாமல், கூட்டம் கலையாமல், ஒருவர் நடக்கிற வேகத்தில். கொஞ்சம் நகர்ந்தன. நின்றன. மறுபடி நகர்ந்தன. நீளக் கண்ணாடி முடிந்தது. முனை திரும்பின. கட்டில் பக்கக் கண்ணாடிக்கு வந்தன. அங்கே நின்றுவிட்டன.

தமிழ்செல்வியின் கையிலிருந்த பூண்டு கீழே விழுந்தது. எழ முடியவில்லை. மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. குபுகுபு. குபுகுபு. கட்டிலில் அஸ்வின் தூக்கத்திலேயே நாக்கை நீட்டி உதட்டை நக்கிக்கொண்டான்.

ஓடிப்போய் அவனை உலுக்கினாள். "மாமா, எந்திரிங்க. இங்க யாரோ இருக்காக."

"பட்டப்பகல்லயா?" அவனுக்குக் கோபம். "தூக்கத்தக் கெடுக்காத செல்வி. நைட்டு மெஷின்ல கைய விட்டேன்னா யாரு பதில் சொல்றது?"

அவள் பிரேம்குமாருக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து மீன், தொட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதுவரை பொறுத்தால் போதும். மறுநாள் காலை, தீனி டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை ஊக்கில் கோத்துத் தாலிச்சரட்டோடு மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் தண்ணீரில் ஒரு குருணைகூட இல்லை. தண்ணீர் தெளிந்து மணல்வரை தெரிந்தது. மீன்கள் பசியில் அவள் விரலைக் கடிக்க வந்தன. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. தன் பயத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்தாள்.

டப்பா பாதியாகியிருந்தது.

காலையில் விளிம்புவரை இருந்தது. பூட்டு பூட்டியபடி இருக்கிறது. தண்ணீரிலும் இல்லை. பிறகு எங்கே போனது? தரையைப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் பார்த்தாள். அவனுக்கு மூடிவைத்த சோறு தொடாமல் காய்ந்திருந்தது.

"சாப்பிடலயா மாமா?"

"பசிக்கல. ரெண்டு மூணு நாளாவே வயிறு திம்முனு இருக்கு." அவன் கொட்டாவி விட்டான்.

அந்த மூச்சில் மீன் தீனி வாடை அடித்தது.

அவன் வேலைக்குப் போனதும் அவள் சரோஜம்மாள் வீட்டுக்கு ஓடினாள். தொட்டி யாருடையது என்று கேட்டாள். அந்த அம்மா அவரைக்காய் ஆய்வதை நிறுத்தவில்லை.

"முன்னாடி இருந்தவங்களுதும்மா. உங்களாட்டமே அதுங்களும் ஷிப்டு. அந்தப் பொண்ணுக்கு மீனுன்னா உசுரு. பசிச்சிருக்குமோ, பசிச்சிருக்குமோன்னு போட்டுக்கினே இருக்கும். புருசனுக்கும் அப்படித்தான், தட்டுல சோறு தீரவே விடாது."

"இப்ப எங்க இருக்காகம்மா?"

"பையன் தூக்கத்துலயே பூட்டான். தொண்டையில என்னாவோ அடைச்சுக்கிச்சுன்னாங்க. தனியாதான் கெடந்தான் பாவம்."

"அந்த அக்கா அப்ப வேலைக்குப் போயிருந்தாகளா?"

சரோஜம்மாள் நிமிர்ந்தார். "அவ எங்கம்மா இருந்தா அப்ப? அவ பஸ்ஸு ஆக்சிடென்ட்டுல போயி, ரெண்டு மாசம் கழிச்சுத்தான் இவன் போனான்."

தமிழ்செல்வி அந்த ராத்திரியைச் சரோஜம்மாள் வீட்டுக் கூடத்தில் கழித்தாள். அஸ்வினுக்குப் போன் போட்டு அழுதாள். விடிந்ததும் வீட்டுக்கு வரக் கூடாது, கூட வேலை செய்யும் ஹரீஷ்குமார் ரூமில் போய்ப் படுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். "சரி செல்வி, அழுகாத. அங்கதான் போறேன்" என்றான். அதை நம்பித்தான் காலையில் பஸ் ஏறினாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹரீஷ்குமாரைக் கூப்பிட்டாள்.

"இங்க வரலீங்களே சிஸ்டர். பஸ்ல வரப்பவே பசிக்குது, வீட்டுக்குப் போறேன்னான். போனா அவ போட்டுக் குடுப்பான்னான்."

சூப்பர்வைசரிடம் சொன்னாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. ரோட்டில் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் வெயில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஐஸ் தின்றுகொண்டு போனார்கள். உலகம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவள் வாய் மட்டும் "என் மாமா, என் மாமா" என்று முணுமுணுத்தது.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினாள்.

இருட்டு. குபுகுபு. நீலவெளிச்சம்.

மீன்கள் எல்லாம் கட்டில் பக்கக் கண்ணாடியில் இருந்தன. ஒன்றுகூட வேறு பக்கம் இல்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அஸ்வின் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. சட்டைப் பொத்தான் தெறித்து வயிறு மேடாக எழும்பியிருந்தது. உதட்டோரம், தாடியில், தலையணையில், செங்கல் நிறக் குருணை.

வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

"மாமா."

அவன் முகம் திரும்பவில்லை. தலையணையை விட்டுக் கழுத்தை எக்கி, மேலே, ஒன்றுமில்லாத இடத்தை நோக்கி வாயை நீட்டினான். அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு சிட்டிகை உதிர்ந்தது. வாய்க்குள் விழுந்தது. விழுங்க முடியாமல் விழுங்கினான். தொண்டை மேடாகி இறங்கியது. மறுபடி திறந்தான். மறுபடி ஒரு சிட்டிகை.

இந்த முறை தொண்டை இறங்கவில்லை.

மீன்கள் நகர ஆரம்பித்தன. கண்ணாடியோரமாக. மெதுவாக. ஒருவர் நடக்கிற வேகத்தில். முனை திரும்பின. கதவுப் பக்கம் வந்தன. நின்றன.

அவளுக்கு நேராக.

தமிழ்செல்வி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள், அவள் நாக்கின் மேல் ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்தது.