பதினொரு கிலோமீட்டர்

டயர் கடை மாடியில் இருந்த அந்த அறைக்கு வந்தபோது, பட்டறையில் ஆயில் மாற்றும் ஆயிலம்மாவின் கையில் எண்ணெய்ப் பிசுக்கேறி உப்பிப்போன ஒரு நோட்டும், நான்காக மடித்த ஒரு தாளும் இருந்தன. உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள், உடைந்த இன்ஜினைப் பார்த்து அது எதனால் உடைந்தது என்று சொல்வதையே தொழிலாகக் கொண்டவர். பரிசோதகர் என்றால் எல்லாப் பட்டறைக்கும் தெரியும். பக்கத்தில் கேமராவோடு நின்றவர் அவருடைய தம்பி. மீசை நரைத்தும் அவசரம் நரைக்காத ஆள்.

பரிசோதகர் தாளைப் பிரித்தார். 'எனக்குப் படிக்கத் தெரியாததால் பந்தயக் காரில் லாரி ஆயிலை ஊற்றிவிட்டேன். இன்ஜின் உடைந்ததற்கு நானே பொறுப்பு.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நாளை மதியத்துக்குள் போட வேண்டும், இல்லையென்றால் பட்டறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று முதலாளி உத்தரவு. போட்டாலோ, அதற்கப்புறம் எந்தப் பட்டறைக்காரனும் அவளை வாசலில்கூட நிற்கவிட மாட்டான்.

"நாப்பத்து மூணு வயசுல எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டேங்க. யார் உதவியும் இல்லாம கடைசி வரைக்கும் வாசிச்ச மொத தாளு இதுதான். வாசிச்சதாலதான் கையெழுத்துப் போடல" என்றாள் ஆயிலம்மா.

நடந்ததை அவள் சுருக்கமாகச் சொன்னாள். முந்தாநாள் காலை முதலாளியின் பந்தயக் காருக்கு ஆயில் மாற்றினாள். முதலாளியின் மச்சான் வண்டியைப் பந்தய ஓடுதளத்துக்கு எடுத்துப் போனார். இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் பொரிந்து நின்றது. இழுவை வண்டியில் ஏற்றித்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். மறுநாள் அவளுடைய மேசைக்கு அடியில் ஒரு லாரி ஆயில் டப்பா கிடந்தது.

பரிசோதகர் நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஆயில் டப்பாவிலிருந்து கிழித்து ஒட்டிய லேபிள். கீழே மீட்டர் எண், அதற்குக் கீழே ஒரு கையெழுத்து.

"என் எழுத்து மேல எனக்கே நம்பிக்கை இல்லீங்க. அதான் ஊத்துற ஆயிலோட லேபிளையே கிழிச்சு ஒட்டிருவேன். வண்டி எடுக்குறவங்க கையெழுத்துப் போட்டாத்தான் சாவி. இதுக்காகவே என்னை ரிஜிஸ்டரம்மான்னு கேலி பண்ணுவாங்க."

தம்பிக்கு நிலைகொள்ளவில்லை. எவனோ ஆயிலில் மணலைக் கொட்டியிருக்கிறான், எதிர்க் கோஷ்டிக்காரன் வேலைதான் என்று கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார். "மொதல்ல இன்ஜினைப் பாப்போம்டா. எதிரியை அப்புறம் தேடிக்கலாம்" என்று பரிசோதகர் செருப்பை மாட்டினார்.

பட்டறையில் இன்ஜினைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார்கள். மச்சான், அதாவது சின்ன முதலாளி, தாமே முன்வந்து விளக்கினார். பழைய ஆயிலைக் கழிவுப் பீப்பாயில் கொட்டியாகிவிட்டது. தீப்பிடித்துவிடக் கூடாதென்று பெட்ரோல் டாங்கையும் காலி செய்தாகிவிட்டது. தம்பி அக்காவின் காதில், எல்லாத்தையும் கழுவிக் கவுத்துட்டாங்க என்று முணுமுணுத்தார்.

பெட்ரோல் எங்கே போட்டீர்கள் என்று பரிசோதகர் கேட்டார். இந்த மாதிரி வண்டிக்கு உயர் ரகப் பெட்ரோல்தான் போட வேண்டும், அது பாலத்தடி பங்கில் மட்டும்தான் கிடைக்கும், பதினாலு கிலோமீட்டர் ஆனாலும் தாமே ஓட்டிக்கொண்டுபோய் நிரப்பிவிட்டுத்தான் ஓடுதளத்துக்குப் போனதாக அவர் சொன்னார். சொல்லும்போது ஆயிலம்மாவைப் பார்த்து, "பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆயிலம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பரிசோதகர் பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பினார். பேரிங்குகளை ஒவ்வொன்றாக விரல் நகத்தால் தடவினார். லாரி ஆயில் டப்பாவைக் கேட்டு வாங்கினார். மேலே சிவப்பு லேபிள் புதுக் கருக்கு மாறாமல் பளபளத்தது. கடைசியாக காருக்குள் ஏறி, மீட்டரைத் தம்பியிடம் படம் எடுக்கச் சொன்னார். பிறகு முதலாளியையும் மச்சானையும் மேசைக்குக் கூப்பிட்டார்.

"ஆயில் தப்பா இருந்தா மொதல்ல அடி வாங்குறது பேரிங். இங்க பாருங்க, நகம் வச்சாலும் ஒரு கீறல் தட்டல. பிஸ்டன் தலையைப் பாருங்க, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கு. இது சாதா பெட்ரோலோட வேலை. இவ்வளவு அழுத்தம் உள்ள இன்ஜின்ல அது நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சு, சுத்தியலால அடிக்கிற மாதிரி பிஸ்டனை அடிக்கும்."

சின்ன முதலாளி சிரித்தார். "அப்ப அந்த டப்பா மேடம்?"

"அந்தம்மா ஊத்துன டப்பா ஒண்ணுலயும் லேபிள் இருக்காது. கிழிச்சு நோட்டுல ஒட்டிருவாங்க. இதுல லேபிள் அப்படியே இருக்கு. வச்சவருக்கு அந்தப் பழக்கம் தெரியல."

இன்னொரு டப்பாவின் லேபிளைக்கூட அவள் ஒட்டியிருக்கலாமே என்றார் அவர். பரிசோதகர் மறுக்கவில்லை. நோட்டைத் திறந்து முந்தாநாள் பக்கத்தை முதலாளியின் முன் நகர்த்தினார்.

"மீட்டர் நாப்பத்தோராயிரத்து இருநூத்தி எட்டு. இப்ப வண்டியில இருநூத்திப் பத்தொம்பது. பதினோரு கிலோமீட்டர். இங்கேருந்து ஓடுதளம் எட்டு, ரெண்டு சுத்துக்கு மூணு. பாலத்தடி பங்கு போறதுக்கு மட்டும் பதினாலு. சாதா பெட்ரோல் விக்குற தெருமுனைப் பங்கை விட்டா வேற எங்கயும் இந்த வண்டி பெட்ரோல் போட்டிருக்க முடியாது."

"அது அவ கிறுக்குன நம்பர்."

"நம்பர் அவங்க எழுதுனது. கீழ இருக்குற கையெழுத்து யாரோடது?"

முதலாளி குனிந்து பார்த்தார். மச்சானின் கையெழுத்து, வாலைச் சுழித்து, எண்ணுக்கு நேர் கீழே படுத்திருந்தது. சாவி வாங்கும் அவசரத்தில் கிறுக்கிவிட்டுப் போனது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்தே இருக்கவில்லை.

தம்பி அக்காவைப் பார்த்தார். மணலைப் பற்றி அவர் அதற்கப்புறம் பேசவில்லை.

முதலாளி மச்சானைப் பார்க்காமலே, பாலத்தடி பங்கில் கூட்டமாக இருந்ததா என்று மட்டும் கேட்டார். வெயிலில் அவ்வளவு தூரம் போய் வர சலிப்பாக இருந்ததாக மச்சான் தரையைப் பார்த்துச் சொன்னார். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு நாளைக்கு வேலைக்கு வந்துரும்மா" என்றார்.

ஆயிலம்மா தாளைக் கிழிக்கவில்லை. மேசையில் விரித்து, பிசுக்குக் கையால் மடிப்பை நீவி, மச்சானின் பக்கம் தள்ளினாள். பேனாவையும் மேலே வைத்தாள்.

"கிழிக்க வேணாங்க. எழுதியிருக்குறதை அடிச்சுட்டு, பின்பக்கம் நடந்ததை நடந்த மாதிரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. கீழ அவர் கையெழுத்துப் போடட்டும்." பிறகுதான் அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல. நான் வாசிச்சுப் பாத்துட்டு, வேலைக்கு வரேனா இல்லையான்னு சொல்றேன்."