மூன்று நாள் பேரம்

2093 மே 4, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கோவில்பட்டி கரிசல் மகளிர் ஹாக்கி அணியின் அலுவலகத்தில் இரண்டு பேரப்பொறிகள் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தன. பத்தேகாலுக்குப் பச்சை நிறப் பொறி மேசையில் ஓங்கித் தட்டியது. பதினொன்று இருபதுக்கு எழுந்து விறுவிறுவென்று வெளியே நடந்தது. அது வாசல் கேட்டைத் தொட்டபோது சாம்பல் நிறப் பொறி பின்னாலேயே ஓடிப் போய், கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். பேச்சு ஒழுங்காகத்தான் போகிறது.

"எழுபதா?" என்றது பச்சை. "கோல் கம்பத்துக்கே எழுபது குடுத்துருவாக. நின்னு தடுக்கிற பொம்பளைக்கும் எழுபதுதானா?"

"கம்பம் லீவு கேக்காதுல்லா," என்றது சாம்பல். "போன சீசன்ல முழங்கால் வலின்னு அஞ்சு ஆட்டம் வெளிய உக்காந்தாகளே, அப்ப யாரு நின்னா?"

"அந்த அஞ்சுலயும் தோத்தீக. அதையும் சொல்லு."

தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த சண்முகக்கனி சிரிப்பை அடக்கிக்கொண்டார். பச்சைப் பொறி அவருடையது. மூன்று நாள் வாடகைக்கு எடுத்தது. முப்பத்தொரு வயதான அவர் கரிசல் அணியின் கோல்கீப்பர். நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த அணி மேலாளர் அய்யாத்துரைக்கு ஐம்பத்தேழு வயது. இருவர் வீடும் ஒரே தெருவில் இருந்தன. ஆனால் அந்த மூன்று நாளும் ஊதியத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டாலும் ஒப்பந்தம் செல்லாது. மனிதர்கள் நேரில் பேசினால் சாதி, சொந்தம், என்றைக்கோ செய்த உதவி எல்லாம் கூடவே வந்து உட்கார்ந்துவிடுகின்றன என்பது சட்டம் இயற்றியவர்கள் சொன்ன காரணம்.

அந்தக் காலத்து ஹாக்கியில் கோல்கீப்பர்தான் விலை உயர்ந்தவர். மற்ற பத்துப் பேரும் தோளிலும் தொடையிலும் தசைத்துணை பொருத்திக்கொள்ளலாம். அதனால் பந்து மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. கோல்கீப்பர் மட்டும் பிறந்த கண்ணோடும் பிறந்த கையோடும் நிற்க வேண்டும் என்பது விதி. கனி போன சீசனில் எழுபது பெனால்டி கார்னர்களில் அறுபத்தொன்றைத் தடுத்திருந்தார்.

சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை உள்ள ஓய்வுக்காலத்தில் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்பதே ஒவ்வோர் அணிக்கும் தலைவலி. பணக்கார அணி ஒன்று நாட்டிலிருந்த நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வளைத்துப் போட்டுப் பதினோரு ஆண்டு தொடர்ந்து கோப்பை வாங்கியதில் பார்வையாளர்கள் அரங்கிலேயே தூங்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் ஊதிய உச்சவரம்பு. ஓர் அணிக்கு ஆயிரம் அலகு. பதினெட்டு ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், மேலாளர் எல்லாருடைய ஊதியமும் அதற்குள் அடங்க வேண்டும். ஓர் அலகு கூடினாலும் லீக்குக்கு அனுப்பும் பட்டியல் திரும்பி வந்துவிடும்.

அய்யாத்துரையிடம் நூற்றைம்பது அலகு மீதம் இருந்தது. இடம் இரண்டு இருந்தது. ஒன்று கனிக்கு. மற்றொன்று ஜெசிந்தாவுக்கு. ஜெசிந்தாவுக்கு வயது இருபத்திரண்டு. வலது ஓரத்தில் அவள் பந்தோடு புறப்பட்டால் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது ஒப்பந்தம் வரை உள்ளவர்களுக்கு ஊதியத்தை லீக்கே நிர்ணயித்தது. அவளுக்கு அறுபது. அதில் கூட்டலும் குறைத்தலும் கிடையாது. இடம் இருந்தால் சேர்க்கலாம். இல்லையென்றால் விட வேண்டும். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இருவர் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும் என்பது அய்யாத்துரையின் கவலை. ஏறாவிட்டால் கனியை ரூர்கேலா அணி எடுத்துக்கொள்ளும் என்று ஊரே பேசியது.

கனிக்குப் போக மனமில்லை. காரணம் கேட்டால், அங்கே தமிழில் கத்தினால் தடுப்பாட்டக்காரர்களுக்குப் புரியாது, புரிகிற மாதிரி கத்தினால் தனக்குத் திருப்தியாக இருக்காது என்பார். ஆனால் இதையும் அவர் அய்யாத்துரையிடம் சொல்லக் கூடாது.

இருவரும் தங்கள் பொறியின் காதில் மட்டும் ஓர் எல்லையைச் சொல்லியிருந்தார்கள். இதற்குக் கீழே போகாதே என்று கனி. இதற்கு மேலே ஏறாதே என்று அய்யாத்துரை. மற்றதைப் பொறிகள் பார்த்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை முடியும்போது சாம்பல் எண்பத்தெட்டில் நின்றது. பச்சை நூற்று முப்பதில் நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் பச்சைப் பொறி மறுபடியும் எழுந்து நடந்தது. கேட்டைத் தாண்டியது. யாரும் கூப்பிடவில்லை. சாம்பல் பொறி கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பச்சை நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய் மதுரை வண்டி நிற்கும் இடத்தில் நின்றது. மதுரையிலிருந்து ரூர்கேலாவுக்குப் போகலாம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பதினோரு மணிக்குள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள்.

பேருந்துகளுக்கு ஓட்டுநர் இல்லாமல் போய் முப்பது ஆண்டு ஆகியிருந்தது. நடத்துநர் மட்டும் இருந்தார். கூவி அழைக்காத வண்டியில் ஆள் ஏறுவதில்லை என்று கணக்கெடுப்பில் தெரிந்ததால் அவரை நீக்காமல் விட்டிருந்தார்கள்.

"மதுரை மதுரை மதுரை... ஏ பச்சை, ஏறுதியா இல்லையா? இது மூணாவது வண்டி."

"யோசிச்சிக்கிட்டு இருக்கேன்," என்ற பொறி ஒரு காலைப் படியில் வைத்தது. கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது. பொறி அலுவலகம் இருந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு காலை இறக்கிக்கொண்டது. வண்டி போய்விட்டது.

ஜெசிந்தா கனியின் முழங்கையை இடித்தாள். "அக்கா, ஒங்க ஆளு ஏறிருமோ?"

"எப்படி ஏறும்? டிக்கெட்டுக்கு நான் காசு குடுக்கலையே."

"கண்டக்டர் ஓசில ஏத்திட்டா?"

கனியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அவர் அதை யோசித்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் அய்யாத்துரை வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, பழம் வாங்கவா இம்புட்டு தூரம்?" என்றார் கனி.

"இங்கதாம்மா நாட்டுப்பழம் கிடைக்கு."

"நம்ம தெரு முக்குலயே தொங்குதே."

"அது புளிக்கு."

மூவரும் ஆளுக்கொரு பழம் தின்றார்கள். பொறி அவர்கள் நடுவில் நின்று வெயிலில் மின்னியது. அய்யாத்துரைக்கு ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. கனிக்கும் இருந்தது. இருவரும் தோலை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் என்னைப் பாத்துப் பேசுங்க," என்றாள் ஜெசிந்தா. "நான் கேட்டா சட்டத்துல ஒண்ணும் இல்ல."

"வாயை மூடுட்டி. எல்லாம் கேன்சலாயிரும்," என்றார் கனி.

"நீங்க பேசாம இருந்தா நான்தான் கேன்சலாவேன்."

அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. அய்யாத்துரை மிச்சமிருந்த பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை ஆறு மணிக்கு அவர் அலுவலகத்தில் சாம்பல் பொறியின் எதிரே உட்கார்ந்தார்.

"என் சம்பளம் எவ்வளவு?"

"நாப்பது அலகு அண்ணாச்சி."

"அதுல பதினஞ்சைக் குறைச்சிரு. அதைத் தூக்கிக் கனி பக்கம் போடு. என் எல்லை பதினஞ்சு ஏறிட்டுன்னு வச்சுக்கோ. இப்படிச் செய்ய விதியில இடம் இருக்கா?"

"இருக்கு. ஆனா இதுவரைக்கும் எந்த மேனேஜரும் கேட்டதில்ல."

ஏறக்குறைய அதே நேரத்தில் கனி தன் வீட்டு மாடியிலிருந்து பச்சைப் பொறியை அழைத்தார். அது இன்னும் பேருந்து நிலையத்தில்தான் நின்றது. யாரோ ஒருவர் அதற்குக் குடை கொடுத்திருந்தார்.

"நான் சொன்ன எல்லையிலேர்ந்து பதினஞ்சு இறங்கிக்கோ. அண்ணாச்சிகிட்ட அம்புட்டு இருக்காது. அந்தப் பிள்ளையை வேற விட்டுருவாரு."

"சரிக்கா. இருங்க, வண்டி வருது, கால் வைக்கணும். அப்புறம் பேசுதேன்."

புதன்கிழமை மாலை நான்கு மணிக்குச் சாம்பல் பொறி அலுவலகத்தைவிட்டு வெளியே வந்தது. கடைத்தெரு வழியாக நிதானமாக நடந்தது. அதன் பின்னால் அறுபது எழுபது பேர் நடந்தார்கள். பேருந்து நிலையத்தில் இரண்டு பொறிகளும் ஒன்றையொன்று பார்க்காமல் சற்று நேரம் நின்றன. பிறகு சாம்பல், "வா, வந்து உக்காரு. பேசுவோம்," என்றது. நடத்துநர் விசில் ஊதினார்.

கடைசி எண்ணை அவை வாயால் சொல்லவில்லை. கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, மாட்டுச் சந்தையில் செய்வதுபோல விரல் பிடித்துப் பேசின. துண்டுக்குள் விரல்கள் அசைவதைக் கண்ணாடி வழியாக அத்தனை பேரும் பார்த்தார்கள். நான்கு நாற்பதுக்குத் துண்டு விலகியது. நூற்றைந்து.

அய்யாத்துரை விரலால் காற்றில் கூட்டிப் பார்த்தார். நூற்றைம்பதோடு தன்னுடைய பதினைந்து. அதில் நூற்றைந்து போனால் அறுபது. மறுபடியும் கூட்டினார். அறுபதுதான். அவர் கண்ணாடித் தடுப்பை இரண்டு கையாலும் தட்டினார். ஜெசிந்தா நாற்காலிமேல் ஏறி நின்று கத்தியது தெருவில் கேட்டது. கனி அவளை இடுப்போடு தூக்கி இறக்கினார். வெளியே யாரோ ஒரு பெட்டி கடலைமிட்டாயை உடைத்துப் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். பேரம் முடிந்துவிட்டதால் இனிப் பேசலாம். அய்யாத்துரையும் கனியும் ஒரே மூச்சில் பேசினார்கள். ஒருவர் செய்ததை மற்றவர் அறிந்து, இரண்டு பேரும் கொஞ்சம் கோபித்துக்கொண்டார்கள்.

"நீங்க எதுக்கு உங்க சம்பளத்துல கை வச்சீக?"

"நீ எதுக்கு இறங்குன? நாங்க என்ன பிச்சையா கேட்டோம்?"

லீக்கின் பதிவாளர் வில்வராணி பேரப் பதிவேட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார். தொண்ணூறு பக்கம். எல்லாரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அன்றைக்கு வேறு வேலையில்லாமல் நின்ற ஜெசிந்தா முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

"அக்கா, இது என்ன? 'திங்கட்கிழமை, பத்து மணி, பூஜ்யம் புள்ளி நான்கு விநாடி. உடன்பாடு எட்டப்பட்டது. நூற்றைந்து.'"

எல்லாரும் பொறிகளைப் பார்த்தார்கள். அவை துண்டை மடித்துக்கொண்டிருந்தன.

"திங்கட்கிழமையே முடிஞ்சிட்டா?" என்றார் அய்யாத்துரை.

"உக்காந்த உடனேயே முடிஞ்சிரும் சார்," என்றார் வில்வராணி. "ரெண்டு எல்லையையும் பாத்து, ஒட்டினாலும் ஒட்டாட்டாலும் நடுவுல புள்ளி வைக்கிறதுதான் அதுங்களுக்கு வேலை. அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாங்க நேத்து எல்லையை மாத்தினோமே?"

"அவங்க பதினஞ்சு இறங்குனாங்க, நீங்க பதினஞ்சு ஏறுனீங்க. நடு எங்க நகரும்?"

"அப்போ பஸ் ஸ்டாண்டுல?" என்றார் கனி.

"சும்மா நின்னுச்சு."

வில்வராணி இதற்கு முன்பும் பல ஊர்களில் இதை விளக்கியிருந்தார் போலும், அலுப்பில்லாமல் சொன்னார். பேரப்பொறிகள் வந்த முதல் ஆண்டில் ஒப்பந்தங்கள் ஒரு விநாடிக்குள் முடிந்தன. லீக்கில் நாற்பது ஒப்பந்தங்கள். முப்பத்தொன்று நீதிமன்றத்துக்குப் போயின. ஆட்டக்காரர்கள் தாங்கள் ஏமாந்துவிட்டதாகச் சொன்னார்கள். அணிகளும் அதையேதான் சொன்னன. இரண்டு பக்கத்தாரும் பொறியைத் திருப்பி அனுப்பினார்கள். தயாரித்தவர்கள் பொறிக்குக் காலும் குரலும் வைத்து, மூன்று நாள் நேரமும் சேர்த்து மறுபடி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு வழக்குகூட வரவில்லை.

"ஜனங்க அவ்வளவு முட்டாளா மேடம்?" என்றார் கனி சிரித்தபடி. கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா, உடனேயே ஒத்துக்கிட்டாங்கன்னா... நான் நூத்திப் பதினஞ்சு கேட்டிருக்கலாமோ?"

அய்யாத்துரை மறுபக்கம் நின்று பயிற்சியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தொண்ணூத்தஞ்சுலயே முடிச்சிருக்கலாம் போலயே."

வில்வராணி இரண்டையும் கேட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க. மணி அஞ்சாகப் போகுது."

"திங்கட்கிழமையே போட்டிருந்தா மிச்சம் நாப்பத்தஞ்சுதான், நான் லிஸ்ட்லயே இல்ல," என்று சொல்லிக்கொண்டே ஜெசிந்தா தன் பெயருக்கு அடியில் மூன்றுமுறை கோடு போட்டாள்.

பட்டியல் நான்கு ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த சீசனில் கரிசல் அணி பதினான்கு அணிகளில் மூன்றாவதாக வந்தது. ஜெசிந்தா பத்தொன்பது கோல் போட்டாள். கனி எழுபத்திரண்டு பெனால்டி கார்னர்களில் அறுபத்து நான்கைத் தடுத்தார்.

அடுத்த ஏப்ரலில் லீக் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. உடனடி ஒப்பந்தம் இனி இலவசம். மூன்று நாள் பேரத்துக்கு வழக்கமான கட்டணம். ஐந்து நாள் பேரத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. பதினான்கு அணிகளில் உடனடி ஒப்பந்தத்தை ஒருவரும் எடுக்கவில்லை. ஐந்து நாளுக்கு முதலில் வந்த இரண்டு விண்ணப்பங்களும் கோவில்பட்டியிலிருந்து, ஒரே தெருவிலிருந்து வந்திருந்தன.