பாசத்தோடு வைத்த தாழி

குளிக்காமலேயே தலை ஈரமாக இருந்ததை செண்பகராஜ் முதலில் வியர்வை என்றுதான் நினைத்தான். சித்திரை வெயிலில் வியர்வை இவ்வளவு சில்லென்றா இருக்கும்?

"தலையத் துவட்டாம வந்து உக்காந்துட்டீக? சட்டையெல்லாம் நனையுது," என்றாள் அவன் மனைவி மாரித்தாய், வாசலில் நின்று.

"குளிக்கவே இல்லடி. நீ போ, பேச்சு மைக்குல விழுது."

அவன் அப்பா பூவலிங்கம் படுத்துக் கிடந்து செத்த அறையில்தான் இப்போது யூடியூப் நடக்கிறது. சுவரெங்கும் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, ஜன்னலையும் அடைத்து, மூச்சு முட்டும் புழுக்கத்தில் உட்கார்ந்து, தமிழர் வரலாறு என்று இணையத்தில் எவன் எதை அளந்தாலும் அதற்கு மேல் ஒரு முழம் கூட்டி அளப்பான். இன்றைக்கு முதுமக்கள் தாழி. சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களை உயிரோடு தாழிக்குள் உட்காரவைத்து, விளக்கும் சோறும் வைத்து மூடினார்களாம். சான்று எதுவும் கிடையாது. கேட்பவர்களுக்குக் கண்ணீர் மட்டும் வரும்.

"பெத்தவங்களப் பாரமா நினைக்காத இனம் நம்ம இனம். பாசத்தோட வழியனுப்பி வச்சாங்க."

பேசி முடித்து, ஹெட்போனை மாட்டிக் கேட்டான். அவன் குரலுக்கு அடியில், எங்கோ ஆழத்தில், யாருக்கோ பல் தந்தியடித்தது.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த பூவலிங்கம் சாகிற நிலையில் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரித்தார். பீ மூத்திரம் அள்ளி அலுத்துப்போன மகன், ஒருநாள் அவர் தலை நிறைய எண்ணெய் வைத்து, பச்சைத்தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி, இளநீரை வாய் கொள்ளப் புகட்டினான். ஜன்னி கண்டது. தூக்கத்தில் போய்விட்டார் என்று ஊருக்குச் சொன்னான். ஊருக்கும் அந்தத் தலைக்கூத்தல் வழக்கம் தெரியும். யாரும் துருவிக் கேட்கவில்லை.

மறுபடி ஓடவிட்டான். இப்போது அப்பாவின் குரலே கேட்டது.

"எப்படி அனுப்புனன்னு சொல்லுடா."

அழித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். உண்மையைச் சொல்லி அழுதிருக்கலாம். அந்தப் பாவியோ மைக்கை இழுத்து, முன்னிலும் அழுத்தமாகச் சொன்னான்.

"பாசத்தோடதான்."

மின்விசிறி நின்றது. எண்ணெய் வாடை. உச்சந்தலையில் ஒரு விரல். பிறகு நான்கு. நிதானமாகத் தேய்த்தன. எழ முடியவில்லை. கால் அசையவில்லை.

"மாரி..."

கதவு திறந்தது. அவள் அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்றதையும் பார்த்தாள்.

"அன்னைக்கு வேண்டாம்னு உங்க கால்ல விழுந்தேனே, கேட்டீகளா," என்றாள் அவனிடம். பிறகு பார்வையை உயர்த்தினாள். "மாமா, நான் வெளிய இருக்கேன்."

தாழ்ப்பாள் விழுந்தது.

கன்னத்தை ஒரு கை அமுக்கியது. வாய் திறந்தது. இளநீர். சில்லென்று. விழுங்கினான். வயிறு முட்டியது. நிற்கவில்லை.

"குடி ராசா. இன்னும் நிறைய இருக்கு."

எதிரே கேமராவின் சின்னத் திரையில் அவனே தெரிந்தான். நகம் நீலம் பாரித்த இரண்டு கைகள் அவன் மோவாயை மெல்லத் துடைத்துவிட்டு, மறுபடி அவன் தலையைப் பின்னால் சாய்த்தன.