தனியாக இறங்கக் கூடாது

கப்பலை விட்டு இறங்கி இரண்டு வாரம் ஆகியும் பத்ரிநாராயணனின் விரல் நுனிகள் சுருங்கியே இருந்தன. நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி வெளுத்து, ஊறி, ரேகையெல்லாம் புரண்டு கிடந்தன. சேலையூரில் அந்தத் தெருவில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது வரைக்கும் ஊருக்கே தெரியும். இந்த விரல் விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. மனைவி அபிதகுஜாம்பாள் மூச்சு விடவில்லை. பயம் என்று அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். கோபம் என்பாள்.

கோபத்துக்கு ஆள் பஞ்சமா? முதல் ஆள் மகன் ஷ்யாம்சுந்தர். அப்பாவுக்கு எழுபதாவது வயசு, பீமரத சாந்தி செய்து வைக்கிறேன் என்று ஆரம்பித்தவன், மண்டபத்துக்கும் சாஸ்திரிகளுக்கும் யார் அலைவது என்று யோசித்திருக்கிறான். நாவலூர் ஃபிளாட்டில், சோபாவை விட்டு எழுந்திருக்காமலேயே, போனைத் தட்டிச் சொகுசுக் கப்பலில் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டான். பெற்றவர்களைக் கடலில் இறக்கிவிட்டால் கடமை முடிந்தது.

இரண்டாவது ஆள் கணவர்.

கப்பலின் மேல்தளத்தில் நீல வெளிச்சம் போட்ட வட்டத் தொட்டி ஒன்று இருந்தது. ஹாட் டப் என்றார்கள். வெந்நீர் குமிழி விட்டுப் பொங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஆளுயரப் பலகை. அபிதகுஜாம்பாள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தியவள். பலகையைக் கண்டால் விடுவாளா?

"வயசானவா டாக்டரைக் கேட்டுண்டுதான் இறங்கணுமாம். பிபி மாத்திரை சாப்பிடறவா ஜாக்கிரதையா இருக்கணுமாம். பத்து நிமிஷத்துக்கு மேல கூடாதாம். தனியா இறங்கக் கூடாதாம். காதுல விழறதா?"

"அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு எழுதினது," என்றார் அவர், தொட்டிக்குள் காலை விட்டபடி. "ஐஸ் தண்ணி குடிக்கிற ஒடம்பு, தாங்காது. நாமெல்லாம் பொறந்த நாள்லேர்ந்து வெந்நீர்ல குளிக்கறவா."

"மாத்திரை போட்டுண்டேளா?"

"இந்தா, உன் பலகையைத் தூக்கிண்டு அந்தாண்ட போ."

போனாள். கீழ்த்தளத்தில் எண் கூப்பிட்டுச் சீட்டில் அடிக்கிற தம்போலா நடந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தும் கோபத்தில் ஒரு எண்ணும் காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது அவர் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, மோவாய் வரைக்கும் தண்ணீரில் இருந்தார். கப்பல் ஆட்கள் வெளியே தூக்கிக் கிடத்தினார்கள். நர்ஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு அபிதகுஜாம்பாளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அப்புறம் அவர் கண்ணைத் திறந்தார்.

"டைம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. அந்தக் கண்கள் அவளைத் தெரிந்தவளைப் பார்ப்பது போல் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவன் சீட்டு காலியா என்று பார்ப்பானே, அப்படிப் பார்த்தன.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் சண்டையே போடவில்லை. காபி ஆறிப் போனாலும் குடித்தார். பாகற்காய் வைத்தாலும் சாப்பிட்டார். மாத்திரையை நீட்டினால் வாயைத் திறந்தார். அவர் நடந்த இடமெல்லாம் ஈரக் கால்தடம். அக்னி நட்சத்திர வெயில் ஜன்னல் வழியாக மணிக்கணக்கில் விழுந்தும் அது காயவில்லை. நீச்சல் குளத்துக் குளோரின் வாடை தலையணையில், சாப்பாட்டுத் தட்டில், பூஜை அறைத் திரியில் கூட ஏறியிருந்தது. கீஸர் போடாமலேயே குளியலறைக் கதவுக்கு அடியில் ஆவி வழிந்தது.

மகனுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, அப்பா சண்டை போடலைன்னு கம்ப்ளெயின்ட் பண்ற மொத ஆள் நீதான்," என்று சிரித்தான். "வீக்கெண்ட் பாக்கறேன்."

மேடவாக்கம் தாண்டினால் வீடு. அதற்கு வீக்கெண்டாம்.

பக்கத்து வீட்டுச் சந்திரிகாவுக்குத்தான் முதலில் மூக்கு வேர்த்தது. இந்தக் காலனி வயலாக இருந்தபோது அதற்குச் சொந்தக்காரக் குடும்பம். இன்றைக்கும் தெருவில் என்ன நடந்தாலும் தனக்குக் கணக்கு வர வேண்டும் என்று நினைப்பவள். காம்பவுண்டு சுவருக்கு மேலே தலை வந்தது.

"இன்னா மாமி, உங்க வூட்டு ஐயரு ஒரு தினுசா கீறாரு? கேட்டாண்ட ஸ்கூட்டர் வுட்டா ஊரையே கூட்டுவாரு. நேத்து வுட்டேன், பாத்துகினு சிரிக்கிறாரு. பேஜாரா கீது."

"வயசாச்சு, சாது ஆயிட்டார்."

"அது சரி. உங்க சம்ப்புல இன்னாத்துக்கு ஆவி வருது?"

போர்ட்டிகோவுக்குக் கீழே, லாரித் தண்ணீர் நிரப்பும் நிலத்தடித் தொட்டி. அதன் இரும்பு மூடியின் ஓரத்தில், சோற்றுப் பானையின் தட்டு ஓரத்தில் வருவது போல், மெல்லிய வெள்ளைக் கோடு எழும்பிக்கொண்டிருந்தது.

"வெயில்," என்றாள் அபிதகுஜாம்பாள். சந்திரிகாவின் தலை இறங்கியது. நம்பி இறங்கவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போயிற்று. தெரு முழுக்க மின்விசிறிகளும் டிவிகளும் ஒரே மூச்சில் அடங்கின, எங்கோ ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹாரன், அப்புறம் அதுவும் இல்லை. அந்த அமைதியில், சமையலறைத் தரைக்குள்ளிருந்து, அவள் உள்ளங்காலுக்கு நேர் கீழே, களக் களக் களக் என்று தண்ணீர் பொங்கும் சத்தம் மேலே ஏறி வந்தது. கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. பொங்குகிறது.

ஹாலில் இருட்டில் அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் இவள் பக்கம் திரும்பியிருந்தது.

"டைம் ஆயிடுச்சா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வாரமாக அடக்கிய பயமெல்லாம் ஒன்றாகத் திரண்டு, அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில், கோபமாக வெளியே வந்தது. "இன்னிக்கு அதைப் பார்த்துடறேன்!" என்று செல்போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போனாள். மூடியின் கைப்பிடி சுட்டது. முந்தானையைச் சுற்றிப் பிடித்தாள். இழுத்தாள்.

ஆவி முகத்தில் அறைந்தது. குளோரின்.

டார்ச் தேவைப்படவில்லை. கீழே நீல வெளிச்சம் இருந்தது.

தொட்டியில் அவர் உட்கார்ந்திருந்தார். மோவாய் வரைக்கும் தண்ணீர். தலை பின்னால் சாய்ந்திருந்தது. பூணூல் மிதந்தது. அன்று கப்பலில் காலையில் இவள் இட்ட விபூதி நெற்றியில் இன்னும் கரையவில்லை. கன்னத்துத் தோல் வெந்து, வேகவைத்த கிழங்கின் தோல் போல் ஓரம் சுருண்டிருந்தது.

இவரைத்தான் அவள் கப்பலில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். தெரிந்துகொண்டார். நாற்பது வருஷமாகப் பார்க்கிற அதே எரிச்சல்.

"ஏன்னா," என்றாள். மண்டியிட்டுக் கையை நீட்டினாள். "எழுந்திருங்கோ. போறும். எழுந்திருங்கோ!"

அவர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று இல்லை.

வராதே என்று.

பின்னால் தரையில் ஈரக் கால்சத்தம். சளப். சளப். நின்றது.

"தனியா இறங்கக் கூடாதுன்னு போட்டிருக்கே, அபிதா."

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஒரு நாளும்.

"நீதானே படிச்சே."

கீழே அவர் இன்னும் பலமாகத் தலையை ஆட்டினார். வேண்டாம். வேண்டாம். வாழ்நாளில் ஒரு பலகையையும் மதிக்காத மனுஷன்.

"இப்போ சொல்றேளே!" என்று அபிதகுஜாம்பாள் கத்தினாள்.

முதுகில் ஒரு கை. ஊறிய ஐந்து விரல்கள். சூடு.

மெதுவாக அழுத்தியது.