தேடாமலே இல்லை

வீட்டில் என் பெயர் கேள்விக்குறி. ஏன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அன்று மதியம் கடைக்குக் கிளம்பிய அம்மா, "டேய், என் கண்ணாடி உள்ள இருக்கான்னு பாரு" என்றார்.

அண்ணன் நாற்காலியை விட்டு அசையாமல், "இல்லம்மா" என்றான்.

நான் போய் எடுத்து வந்தேன். மேஜைமேலேயே இருந்தது.

அம்மா தெருமுனை திரும்பியதும் அண்ணன் அவருடைய கணினி முன் உட்கார்ந்தான். அதை இயக்க ஏற்கெனவே லினக்ஸ் என்ற இயங்குதளம் ஒன்று இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு வகை லினக்ஸைப் போட்டான்.

"ஒரே வீட்டுல ரெண்டு ரூம் மாதிரி. எது வேணுமோ அதைத் திறந்துக்கலாம்."

முடித்ததும் கணினியை அணைத்து மறுபடி போட்டான். புதியது மட்டும் வந்தது. எதைத் திறப்பது என்று கேட்கும் தொடக்கப் பட்டியலில் பழையதன் பெயரே இல்லை.

அண்ணன் முகம் வெளிறியது. அம்மா கட்டட வரைபடம் போடுகிறவர். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய படம் பழையதில்தான் இருந்தது.

"அழிச்சிட்டியாண்ணா?"

"தெரியல. ஒண்ணுமே புரியல. நீ சும்மா இரு."

மூன்று முறை அணைத்துப் போட்டான். மூன்று முறையும் அதே கதை. பிறகு, பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தான். திரையில் ஏழெட்டு ஆங்கில வரிகள் ஓடின.

"தேடியாச்சு. இல்ல. போச்சு" என்று தலையில் கை வைத்தான்.

நான் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"இது என்ன வரி?"

"எச்சரிக்கை. எப்பவும் வரும். யாரு படிப்பா?"

"அண்ணா, இது தேடிட்டு இல்லைன்னு சொல்லல. தேடவே மாட்டேன்னு சொல்லுது. உன்ன மாதிரியே."

அண்ணன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். கணினியில் ஒரு கோப்பைத் திறந்தான். மற்ற லினக்ஸ்களைத் தேடாதே என்று அதில் இருந்தது. தேடு என்று மாற்றினான். மறுபடி கட்டளை கொடுத்து, அணைத்துப் போட்டான்.

பட்டியலில் இரண்டு பெயர்கள். பழையதைத் திறந்தோம். வரைபடம் ஒரு கோடு குறையாமல் இருந்தது.

நாலரைக்கு அம்மா வந்து கணினியைப் போட்டார். "இது என்ன, ரெண்டு பேரு நிக்குது?"

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டா என்ன?" என்றார் அம்மா. படத்தை அனுப்பிய பிறகுதான் அவர் குரல் இறங்கியது. "சரி, என் கண்ணாடிய மறுபடி எங்கயோ வச்சிட்டேன். உள்ள இருக்கா?"

"இல்ல..." என்று ஆரம்பித்த அண்ணன் என்னைப் பார்த்தான்.

எழுந்து உள்ளே போனான்.