பக்கத்து இருக்கைக் குரல்

"கொஞ்சம் நகரக் கூடாதா? ஒரு ஆள் நனையறது கண்ணுக்குத் தெரியல?"

கிறிஸ்தவ சபை வாசலில் நின்றிருந்தவனிடம் பொரிந்தாள் அவள். கண்ணாடிக் கடையில் கண் அளவெடுப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டிலில் சாய்ந்தபடி, காபியும் கையுமாக, மொபைலில்தான் இந்தச் சபையின் ஆராதனை. அன்று பால் வாங்க இறங்கியவளை மழை இங்கே துரத்திவிட்டது.

அவன் விலகி வழிவிட்டான். பார்த்தான்... ஒரே ஒரு பார்வை. நாளெல்லாம் கண்களையே பார்த்துப் பிழைப்பவள் அவள். ஆனால் இப்படிச் சிரிக்கிற கண்கள்...?

பால் பாக்கெட்டோடு கடைசி வரிசையில் ஒதுங்கினாள். பக்கத்தில் அவன் வந்து உட்கார்ந்தான். பாட்டுப் புத்தகத்தைப் பாதி அவள் பக்கம் நீட்டினான். பாட ஆரம்பித்தான்.

அடேயப்பா! ஆழமான, குளிர்ந்த குரல். எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொன்னபோதும் அது அவள் குரலை ஒட்டியே தடையின்றி ஓடியது. இரண்டு வருடமாக அவள் தனியாக முணுமுணுத்த அதே வார்த்தைகள்தான். பக்கத்தில் இன்னொருவர் சொல்லும்போது... ஏன் இப்படிப் புதிதாகக் கேட்கின்றன?

ஆராதனை முடிந்தது. மழை விடவில்லை. அவன் தன் குடையை அவள் கையில் திணித்தான்.

"ஐயோ, வேணாங்க... சரி, எப்படித் திருப்பித் தர்றது? நம்பராவது சொல்லுங்க."

அவன் முகம் சட்டென்று வாடியது. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தே விட்டான்!

'நம்பர்தானே கேட்டேன்... சொத்தையா எழுதிக் கேட்டேன்? என்ன திமிரு!'

அடுத்த ஞாயிறு, குடையைக் கொடுக்கத்தான் போகிறோம் என்று தனக்கே பொய் சொல்லிக்கொண்டு போனாள். அதே வரிசை, அதே குரல். முடிந்ததும் குடையை நீட்டினாள்.

"ரொம்ப நன்றிங்க."

பதிலுக்குப் புன்னகை மட்டும்.

"ஏங்க, ரெண்டு வார்த்தை பேசினா முத்து உதிர்ந்துடுமா?"

அவன் தலை குனிந்தது. குடையை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ரோஷம் அவளுக்கு மூக்கு நுனிவரை வந்தது. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை! மூன்று வாரம் மொபைலோடு கழிந்தது. திரையில் போதகர் முகம் மட்டும் தெரிந்தது. கடைசி வரிசை தெரியவே இல்லை. பாட்டு நடுவில் படம் அப்படியே நின்றது. அறையில் அவள் குரல் மட்டும்... அநாதை மாதிரி.

திங்கட்கிழமை கடைக்கு, சபையில் அவளிடம் வேலை எங்கே என்று விசாரித்திருந்த தையல்கார அக்கா வந்தாள்.

"ஊசியில நூல் கோக்க முடியலம்மா. அதைச் சாக்கு வச்சு உன்னையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். மூணு வாரமா காணோமே, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேங்க்கா. மொபைல்ல பாக்கறேனே."

"நீ எங்களைப் பாக்கற. நாங்க உன்னைப் பாக்க வேணாமா?"

அவள் சோதனைக் கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நம்ம லிப்ட் மெக்கானிக் தம்பி இருக்கானே, உன் இடத்துல யாரையும் உட்கார விடல தெரியுமா?"

"அவரா? பேசவே மாட்டேங்கறாரே..."

"பேச்சு திக்கும்மா அவனுக்கு. போன் அடிச்சாலே நடுங்குவான். நாங்க எல்லாரும் சேர்ந்து பாடறப்ப, ஜெபிக்கறப்ப மட்டும் திக்காது. அதனாலதான் காய்ச்சல் அடிச்சாலும் வந்து நிப்பான். தனியா வீட்ல உட்கார்ந்தா அவனுக்கு ஏது அது?"

முத்து உதிர்ந்துடுமா... ஐயோ, என்ன கேட்டுவிட்டாள் அவள்! அக்காவின் கண்ணை அளக்க வேண்டியவளுக்குத் தன் கண்ணே மறைத்தது.

ஞாயிறு வந்தது. சபையார் ஒவ்வொருவராக நன்றி சொல்லும் நேரத்தில் அவளும் எழுந்து நின்றாள்.

"நான் இங்க ரெண்டே வாரம்தான் வந்தேன். இல்லாமப் போனதும் என்னைத் தேடி ஒருத்தங்க கடைக்கே வந்தாங்க. ஆண்டவருக்கு ரொம்ப நன்றி..."

உட்கார்ந்துவிட்டாள். பாட்டுப் புத்தகம் பாதி அவள் பக்கம் வந்தது.

வாசலில் அவனை நிறுத்தினாள். "மன்னிச்சிடுங்க. அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அவன் தலையசைத்தான். மூச்சை இழுத்துவிட்டான்.

"எ... எ... எனக்கு..."

அடுத்த வார்த்தை அவளுக்குத் தெரியும் போலிருந்தது. எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது. கொடுக்கவில்லை.

"மெதுவாவே சொல்லுங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

"எனக்கு... உ... உங்களைப்... பி... பிடிச்சிருக்கு."

நெற்றியெல்லாம் வியர்வை. கண்கள் மட்டும் சிரித்தன.

"எனக்கும்தான்..." என்றாள். கன்னம் சுட்டது.

"ஸ்தோத்திரம்!" உள்ளேயிருந்து தையல்கார அக்காவின் குரல். "சீக்கிரம் பேசி முடிங்கப்பா, கதவைப் பூட்டணும்!"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"வாங்க," என்றாள் அவள், "அக்காவுக்கு முதல்ல ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடலாம்."

இருவரும் திரும்ப உள்ளே போனார்கள்.