அப்பாவின் கல்லில் பதினேழு பூக்கள்

குளோரியாவின் அப்பா வாலண்டைன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறி ஐந்து மாதமாகிவிட்டது. எப்போது வீடியோவில் அழைத்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்.

“கல்லு எப்படி இருக்கு, பாப்பா?”

உடனே அவள் அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு மீன்தொட்டியிடம் ஓடுவாள். அதற்குள் இருப்பது கடலிலிருந்து வந்த கல். அதன் பொந்துகளில் எத்தனையோ குட்டி உயிர்கள் குடியிருப்பதால் அதை ‘லைவ் ராக்’ என்பார் அப்பா. அதன் உச்சியில் அவர் ஒட்டிய உயிருள்ள பவளம் இப்போது உள்ளங்கை அளவு வளர்ந்திருக்கிறது.

போன மாதம் கல்லில் பழுப்பு நிறப் பூ ஒன்று முளைத்தது. உண்மையில் அது பூவல்ல, கொட்டும் பிராணி. அது தொடத் தொடப் பவளம் சுருங்கியது. குளோரியா பழைய பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுத்தாள். அங்கேதான் வந்தது வினை! சிதறிய ஒவ்வொரு துணுக்கும் புதிதாக முளைத்து, ஒன்று பதினேழானது.

“கல்ல கொதிக்கிற தண்ணில போட்டா எல்லாம் செத்துடும் லா,” என்றார் அம்மா.

“எல்லாமே செத்துடும்மா. அதான் பிரச்சினையே!”

“அப்ப தூக்கிப் போடு. அப்பா வந்து வேற வாங்கட்டும்.”

குளோரியா தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அதிகம் பேசாதவர். கல்லும் இல்லாவிட்டால் போனில் எதைப் பேசுவார்? ‘நல்லாருக்கியா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாரே!

மீன் வளர்ப்பவர்களின் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். சுரண்டவே கூடாதாம். எலுமிச்சைச் சாற்றை அந்தப் பிராணியின் வாயில் மெதுவாகச் செலுத்த வேண்டுமாம். தம்பிக்கு மருந்து கொடுத்த பழைய சிரிஞ்சைக் கழுவினாள். சாறு பவளத்தின் பக்கம் போகாதபடி தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்தினாள்.

“மீன் பொரிக்க வெச்சிருந்த எலுமிச்சங்கா எங்கடி?”

“ஊசி போட்டாச்சும்மா!”

ஒரு நாளைக்கு மூன்று பூக்களுக்குத்தான். அதற்கு மேல் போனால் தண்ணீர் கெட்டுவிடும். ஆறாம் நாள் கடைசிப் பூவும் கரைந்தது. பவளம் மெல்ல விரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அழைத்தார்.

“அப்பா, கல்லுல முளைச்ச பூவ நான்தான் பதினேழாக்கிட்டேன். இப்ப ஒண்ணுகூட இல்ல. பாருங்க!”

போனைத் தொட்டியின் கண்ணாடியருகே பிடித்தாள்.

“தெரியுதாப்பா?”

“தெரியுது பாப்பா. கல்லப் பத்தி கேட்டாத்தான் நீ போனைப் பிடுங்கிக்கிட்டு ஓடி வர்ற. அதுக்காகத்தான் அப்பா கேக்குறேன். ஆனா நீ கல்ல மட்டுந்தான் காட்டுற. போனை உன் பக்கம் திருப்பு.”

குளோரியா திருப்பினாள். அன்று அப்பா முக்கால் மணி நேரம் பேசினார்.